தேனீக்கள் குறைகின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

குமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே சில தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். அந்த ஒரு காரணத்துக்காகக் கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் ஆட்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. மே 20, உலகத் தேனீ நாள் நெருங்கினால் கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். பாதிப் பதில் சொல்வதற்குள் இறங்கும் இடம் வந்துவிடுகிறது. ஆகவே முழுப் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

தேனீக்கள் உண்மையிலேயே அழிந்துகொண்டிருக்கின்றனவா?

எந்தத் தேனீயைக் கேட்கிறீர்கள்? பெட்டியில் வளர்வதையா, பாறையிலும் மரப்பொந்திலும் தன்பாட்டுக்கு வாழ்வதையா?

பெட்டிகளை மட்டும் எண்ணினால் உலகக் கணக்கு ஏறுமுகம்தான். ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு தொகுக்கும் புள்ளிவிவரப்படி 1961இல் உலகில் சுமார் 5 கோடிப் பெட்டிகள் இருந்தன. இப்போது ஏறத்தாழ 10 கோடி. இதைக் காட்டி 'தேனீ அழிவு என்பதே கட்டுக்கதை' என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

பெட்டித் தேனீக்கு உடைமைக்காரர் உண்டு. செத்தால் அவர் கணக்கெழுதுவார், அரசிடம் முறையிடுவார், மிஞ்சிய கூட்டத்தை இரண்டு பெட்டிகளாகப் பிரித்து மறுபடியும் பெருக்குவார். மலைத்தேனீக்கும் கொம்புத் தேனீக்கும் அப்படி ஆள் கிடையாது. சென்ற ஆண்டு ஆலமரத்தில் இருபது தேனடைகள் தொங்கின, இந்த ஆண்டு மூன்றுதான் என்றால் அதை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதுவதில்லை. என் கவலையெல்லாம் இந்தக் கணக்கில் வராத தேனீக்களைப் பற்றியதுதான்.

நம் ஊரில் எத்தனை வகைத் தேனீ இருக்கிறது?

தேன் சேர்ப்பவை ஐந்து. மலைத்தேனீ எல்லாவற்றிலும் பெரியது. பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும், இப்போது மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் ஒரே ஒரு பெரிய அடையைத் தொங்கவிடும். கொம்புத் தேனீ வேலிச்செடியின் கிளையைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு அடை கட்டும். அடுக்குத் தேனீ இருட்டை விரும்புவது. மரப்பொந்துக்குள்ளும் சுவர்ப் பிளவுக்குள்ளும் அடுக்கடுக்காகப் பல அடைகள் வைக்கும்; அதைப் பெட்டிக்குள் பழக்க முடிந்ததே இந்த இருட்டுப் பிரியத்தால்தான். கொசுத்தேனீ கொட்டாது, மெழுகோடு மரப்பிசினைக் குழைத்துச் சுவர் ஓட்டைக்குள் கூடு கட்டும். ஐந்தாவதான இத்தாலியத் தேனீ வந்தேறி. 1962இல் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் நக்ரோட்டா பக்வானில் வெற்றிகரமாகக் குடியேற்றப்பட்டு, பிறகு நாடு முழுவதும் பரவியது. தேன் அதிகம் தருவதால் அரசுத் திட்டங்களுக்கும் செல்லப்பிள்ளை அதுதான்.

இவை போக, கூட்டமாக வாழாத, தேன் சேர்த்து வைக்காத தனித் தேனீ இனங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. மண்ணில் வளை தோண்டுபவை, இலையை வட்டமாக வெட்டி எடுத்துச் செல்பவை, மூங்கிலைத் துளைப்பவை என்று பல. பலரும் இவற்றை ஈ என்றோ வண்டு என்றோ நினைத்து அடித்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் தேனீக்கள் ஒரே இரவில் காணாமல் போயினவாமே?

ஒரே இரவில் இல்லை. ஆனால் விஷயம் உண்மை. 2006 நவம்பரில் டேவிட் ஹாக்கன்பர்க் என்ற தேனீ வளர்ப்பாளர், புளோரிடாவில் விட்டுவைத்திருந்த சுமார் 400 பெட்டிகளைப் பார்க்கப் போனார். பெரும்பாலானவை வெறிச்சோடிக் கிடந்தன. தேன் அப்படியே இருந்தது, தேனீயாக வளர வேண்டிய புழுக்கள் இருந்தன, சிலவற்றில் ராணியும் ஒரு பிடி இளந்தேனீக்களும்கூட இருந்தன. வெளியே சென்று உணவு கொண்டுவரும் வேலைக்காரத் தேனீக்களைத்தான் காணவில்லை. சுற்றிலும் பிணங்களும் இல்லை. அந்தக் குளிர்காலத்தில் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து இதே செய்தி வந்தது.

ஒற்றைக் குற்றவாளி அகப்படவில்லை. வர்ரோவா என்ற உண்ணி, அது பரப்பும் வைரஸ்கள், பூச்சிக்கொல்லி, சத்தில்லாத உணவு, ஓயாத லாரிப் பயணம் ஆகிய எல்லாம் சேர்ந்த விளைவு என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. லாரிப் பயணம் என்றதும் புருவம் உயரலாம். கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்கள் பிப்ரவரியில் பூக்கும்போது 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் நாடு முழுவதிலிருந்தும் அங்கே கொண்டுசெல்லப்படுகின்றன. அந்நாட்டுப் பெட்டித் தேனீக்களில் பெரும்பகுதி சில வாரங்களுக்கு ஒரே பள்ளத்தாக்கில் கூடுகிறது. திருவிழாக் கூட்டத்தில் அம்மை பரவுவதுபோல் நோய் பரவுவதற்கு இதைவிட நல்ல வழி வேண்டாம்.

காலியான பெட்டிகளைக் கூட்டம் பிரித்து நிரப்பிவிடுவதால் அங்கே மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இழப்பு ஓயவும் இல்லை. 2024-25 குளிர்காலத்தில் பெருந்தொழிலாகத் தேனீ வளர்ப்பவர்கள் சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேல் கூட்டங்களை இழந்தார்கள். இறந்த கூட்டங்களை ஆராய்ந்த அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் கண்டது வைரஸ்களின் பெருக்கத்தையும், அவற்றைச் சுமந்த உண்ணிகள் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறியிருந்ததையும்தான்.

இதில் நமக்கு ஒரு தொடர்பு உண்டு. வர்ரோவா உண்ணி ஆதியில் நம் அடுக்குத் தேனீயின் ஒட்டுண்ணி. ஆசியாவில் இரண்டும் காலங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்தவை. அடுக்குத் தேனீ உண்ணியைக் கடித்து உதறவும் கட்டுப்படுத்தவும் கற்றுக்கொண்டது. மேலைத் தேனீயை (இத்தாலியத் தேனீ இதில் ஒரு வகை) மனிதர்கள் ஆசியாவுக்குக் கொண்டுவந்தபோது உண்ணி அதன்மேல் தாவியது. புதிய தேனீக்கு எதிர்க்கத் தெரியவில்லை. பிறகு அது உலகைச் சுற்றிவந்து 2022இல் ஆஸ்திரேலியாவையும் பிடித்தது. அந்த நாடு ஓராண்டுக்கு மேல் போராடிப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பரில் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டது.

நம் ஊரில் அப்படி ஏதும் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்கக் கதை தெரிந்த அளவுக்கு இந்தக் கதை நம்மவர்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. மரத்தாலான சட்டங்களைப் பெட்டிக்குள் நிறுத்தி, அடையைப் பிழிந்து அழிக்காமல் தேன் மட்டும் எடுக்கும் முறையைத் தென்னிந்தியாவில் பரப்பியவர்களில் ஒருவர் நியூட்டன் என்ற பாதிரியார். 1910களில் அவர் அடுக்குத் தேனீயின் அளவுக்கேற்ப வடிவமைத்த பெட்டி இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றே வழங்குகிறது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர், அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் கிராம மறுமலர்ச்சி மையத்தை நடத்தினார். அங்கே கற்றுத் தரப்பட்ட குடிசைத் தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. காணி நிலம் இல்லாதவர்களும் அடுத்தவர் தோப்பில் பெட்டி வைத்துப் பிழைக்கலாம் என்பது இந்தத் தொழிலின் அழகு. மெல்ல மெல்ல மார்த்தாண்டம் வட்டாரம் தேனுக்குப் பெயர்போன ஊராகிவிட்டது.

இந்தச் செழிப்புக்கு இன்னொரு காரணம் ரப்பர். இலையுதிர்த்த மரம் தை, மாசியில் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் கூடும் கணுவில் இனிப்பு நீர் சுரக்கும். பூவே இல்லாமல் இலைக்காம்பிலிருந்து வரும் தேன் இது. அந்த இரண்டு, மூன்று மாதங்களில்தான் ஆண்டு வருமானம் முழுவதும்.

1991-92இல் எல்லாம் குலைந்தது. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய், 1976இல் தாய்லாந்தில் அடையாளம் காணப்பட்டதால் இந்தப் பெயர், தென்னிந்தியாவுக்குள் நுழைந்தது. வளர்ந்த தேனீயை அது பெரிதாகத் தொடாது, புழுவைத்தான் தாக்கும். கூட்டுப்புழுவாக மாற வேண்டிய தருணத்தில் புழு அறைக்குள் மல்லாந்தபடி, தலையைத் தூக்கிக்கொண்டு, படகுபோல் வளைந்து சாகும். தோல் தடித்து உள்ளே நீர் கோத்திருக்கும். குச்சியால் எடுத்தால் சிறு தண்ணீர்ப் பையாக முழுசாக வரும். பழைய தேனீக்கள் ஆயுள் முடிந்து சாகின்றன, புதியவை பிறப்பதில்லை. சில வாரங்களில் கூட்டம் சுருங்கி, மிஞ்சியவை பெட்டியைவிட்டுப் பறந்துவிடும்.

கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்றிலும் பெட்டியில் இருந்த அடுக்குத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மருந்து இல்லை. அன்று தோட்டத்து மூலையில் அடுக்கிவைத்த காலிப் பெட்டிகளைப் பலர் விறகாக எரித்தார்கள். கூலி வேலைக்குப் போனவர்களும் கேரளத்துக்கு இடம் பெயர்ந்தவர்களும் உண்டு.

பிறகு எப்படி மீண்டது?

காட்டிலிருந்துதான். எல்லாக் கூட்டமும் சாகவில்லை. பொந்துகளிலும் பாறைப் பிளவுகளிலும் சில நோயைத் தாங்கி நின்றன. வளர்ப்பவர்கள் அவற்றைத் தேடிப் பிடித்து, தாங்கும் திறன் உள்ளவற்றிலிருந்து பிரித்துப் பெருக்கினார்கள். நோய் கண்ட பெட்டியில் ராணியைக் கொஞ்ச காலம் முட்டையிடவிடாமல் தடுத்து, புழு இல்லாத இடைவெளி ஏற்படுத்துவது, நோயுற்ற அடையை அடுத்த பெட்டிக்கு மாற்றாமல் இருப்பது, கூட்டத்தை எப்போதும் பலமாக வைத்திருப்பது ஆகியவற்றை அனுபவத்தில் கற்றுக்கொண்டார்கள். சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். நோய் இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது, ஆனால் அன்றைப்போல் துடைத்துப்போடுவதில்லை. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தொழிலைக் காப்பாற்றியவை உடைமைக்காரர் இல்லாத தேனீக்கள் என்பதைக் கவனியுங்கள். பொந்து மரங்களையெல்லாம் வெட்டிவிட்டிருந்தால் எங்கே போய்ப் பிடித்திருப்பார்கள்?

பூச்சிமருந்துதான் காரணம் என்கிறார்களே?

ஒரு காரணம், பெரிய காரணம். நேரடியாகக் கொல்வது கண்ணுக்குத் தெரியும். 2008 வசந்தத்தில் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் குளோதியானிடின் என்ற பூச்சிக்கொல்லி பூசிய மக்காச்சோள விதையை இயந்திரத்தால் விதைத்தபோது, பூச்சு உதிர்ந்து தூசியாகப் பறந்து பக்கத்துப் பூக்களில் படிந்தது. 11,000க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்கள் பாதிக்கப்பட்டன.

கொல்லாமல் கெடுப்பதுதான் பிடிபடுவதில்லை. இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம், குளோதியானிடின் ஆகியவை நியோநிகோடினாய்டு என்ற பூச்சிக்கொல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விதையில் தடவினாலும் வேர் வழியாகச் செடி முழுவதும் ஏறி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் சிறு அளவில் வந்துவிடும். 2012இல் பிரான்ஸில் தேனீக்களின் முதுகில் நுண்ணிய மின்னணுச் சீட்டுகளை ஒட்டிச் செய்த ஆய்வில், சாகாத அளவுக்குத் தயாமீதாக்சம் கொடுக்கப்பட்ட தேனீக்கள் பல கூட்டுக்குத் திரும்ப வழி தெரியாமல் தொலைந்துபோனது பதிவானது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த 2018இல் தடை விதித்தது. நம் ஊர் உரக்கடையில் இமிடாகுளோப்ரிட் சாதாரணமாகக் கிடைக்கிறது.

'அப்படியானால் மருந்தே அடிக்கக் கூடாதா' என்று விவசாயிகள் கோபப்படுவது நியாயம்தான். அடிக்கிற நேரத்தையாவது மாற்றலாம். காலை ஆறு முதல் பதினோரு மணி வரைதான் பெரும்பாலான பூக்களில் தேனீ மும்முரமாக இருக்கும். அடிப்பவர்களுக்கும் அதுதான் வெயிலேறாத சௌகரியமான நேரம். மாலையில் தேனீ கூடடைந்த பிறகு அடித்தால் பாதி உயிர்ச்சேதம் குறையும். பூத்து நிற்கும் பயிரில் தவிர்த்தால் இன்னும் நல்லது. ஏலத்தோட்டங்களின் நிலைமை இதில் விசித்திரம்: ஏலப்பூ ஒரே நாள்தான் இருக்கும், அதற்குள் தேனீ வராவிட்டால் காய் பிடிக்காது. அப்படித் தேனீயை நம்பி வாழும் பயிர்தான் நம் மலைகளில் மிக அதிகமாக மருந்து குடிக்கும் பயிர்களில் ஒன்று.

செல்போன் கோபுரக் கதிர்வீச்சால் தேனீ சாகிறதா?

2010இல் சண்டிகரில் நடந்த ஓர் ஆய்வு இந்தப் பேச்சைப் பரப்பியது. பெட்டிக்குள்ளேயே செல்போனை வைத்து இயக்கிப் பார்த்தார்கள், கூட்டம் நலிந்தது. ஆனால் சோதனைக்கு எடுத்த பெட்டிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். கோபுரம் தொலைவில் நிற்கிறது, பெட்டிக்குள் இல்லை. வயல்வெளியில் கோபுரத்தால் கூட்டங்கள் அழிந்தன என்று உறுதியாகச் சொல்ல வலுவான சான்று இல்லை. மருந்து, நோய், பட்டினி என்று கண்முன் நிற்கும் காரணங்களை விட்டுவிட்டுக் கோபுரத்தைத் திட்டுவது எல்லோருக்கும் வசதி. யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

'தேனீ அழிந்தால் மனிதன் நான்கே ஆண்டில் அழிவான்' என்று ஐன்ஸ்டீன் சொன்னாரா?

இல்லை. அவர் 1955இல் இறந்தார். இந்த வாசகம் 1994இல் பிரஸ்ஸல்ஸில் தேனீ வளர்ப்பாளர்கள் நடத்திய போராட்டத்தின் துண்டறிக்கையில்தான் பரவத் தொடங்கியது. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் அவர் தலைமுடி மட்டும்தான் உண்மை.

சரி, தேனீ இல்லாவிட்டால் எதைச் சாப்பிட முடியாது?

ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்.

வாழையிலை இருக்கும். சோறு இருக்கும், நெல் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும்கூடத் தேனீ வேண்டாம். வாழைப்பழம் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் காய்ப்பது. மரவள்ளியைக் குச்சி நட்டு வளர்க்கிறோம். ஆக, பட்டினி கிடக்க மாட்டோம். ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் மதிப்பீட்டு அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிக்கையும், உலகப் பயிர் விளைச்சலில் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையால் நேரடியாகக் கிடைப்பது 5 முதல் 8 சதவீதம் என்றே சொல்கிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அளவு வேறு, வகை வேறு. உலகின் 115 முக்கிய உணவுப் பயிர்களில் 87, ஏதோ ஓர் அளவிலாவது பூச்சி, பறவை, வௌவாலின் உதவியை நம்பியிருக்கின்றன.

இலைக்குத் திரும்புவோம். பூசணிக்காய்க் கூட்டு வராது. ஆண்பூ வேறு, பெண்பூ வேறாகப் பூக்கும் கொடி அது, விடியலில் தேனீ வந்தாக வேண்டும். வெள்ளரிப் பச்சடி, பாகற்காய், தர்பூசணிச் சாறு ஆகியவையும் அப்படியே. புடலையும் சுரையும் மாலையில் பூப்பவை. அவற்றுக்கு அந்துப்பூச்சிதான் முக்கியம். கத்தரிக்காய்க்குத் தேன் சேர்க்கும் தேனீ பெரிதாக உதவ முடியாது. அதன் மகரந்தம் நுனியில் துளையுள்ள குழாய்க்குள் இருக்கும். பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் கொட்டும். அந்த வித்தை தெரிந்தவை உத்தரத்திலும் மூங்கிலிலும் துளை போடும் பெரிய கறுப்புத் தேனீயும், வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட சிறு தேனீயும். தக்காளிக்கும் இதே கதைதான். முருங்கைப் பூவுக்கு அதிகம் வருவதும் அந்தக் கறுப்புத் தேனீயே. நாம் 'கருவண்டு' என்று துடைப்பத்தால் அடிப்பது அதைத்தான். சாம்பாரில் முருங்கைக்காய் மிதப்பது அதன் புண்ணியம்.

தாளிக்கும் கடுகு, கொத்தமல்லி விதை, சூரியகாந்தி எண்ணெய் ஆகியவை தேனீயால் கூடுபவை. பாயசத்தில் ஏலமும் முந்திரியும் இருக்காது. மாங்காய் ஊறுகாய் தப்பிக்கலாம். மாம்பூவுக்குத் தேனீயைவிட ஈக்களின் சேவை அதிகம். பந்தி முடிந்து காபி கேட்டால், அராபிகா வகைக் காபிச்செடி தன்னாலேயே ஓரளவு காய்க்கும். ரொபஸ்டாவுக்கு வேறு செடியின் மகரந்தம் கட்டாயம். கோடை மழைக்குப் பிறகு மலைச்சரிவு முழுவதும் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும்போது, அந்தச் சில நாட்களில் அங்கே வேலைசெய்பவற்றில் முக்கியமானது காட்டிலிருந்து வரும் மலைத்தேனீ. அதற்கு யாரும் சம்பளமும் தருவதில்லை, வாடகையும் தருவதில்லை.

சீனாவில் மனிதர்களே தூரிகையால் மகரந்தம் தடவுகிறார்களாமே?

ஆம், சிச்சுவான் மாகாணத்தின் ஹான்யுவான் பகுதிப் பேரித் தோட்டங்களில். கோழி இறகு கட்டிய குச்சியோடு மரமேறித் தடவுவார்கள். தேனீ அறவே அற்றுப்போனதால் மட்டும் இந்த வழக்கம் வரவில்லை. வேறு ரக மகரந்தம் தேவைப்படும் பேரி ரகம், பூக்காலத்திலும் நிற்காத மருந்தடிப்பு, அதனால் பெட்டி வைக்கத் தயங்கிய தேனீ வளர்ப்பாளர்கள் என்று பல காரணங்கள். கூலி குறைவாக இருந்தவரை கட்டுப்படியானது. நம் பக்கத்தில் வனிலாவைக் கையால்தான் சேர்க்கிறோம். அதன் சொந்தத் தேனீ மெக்சிகோவில் இருக்கிறது. ஒரு பூவுக்கு ஒரு குச்சி என்று காலை முழுவதும் குனிந்து நின்றவர்களைக் கேட்டால், தேனீயின் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று சொல்வார்கள்.

எங்கள் அடுக்குமாடியில் மலைத்தேனீ கூடு வைத்துவிட்டது. தீ வைத்து அழிக்கலாமா?

வேண்டாம். இரவில் பந்தம் காட்டிக் கொளுத்தினால் ஒரு கூட்டமே, பல ஆயிரம் தேனீக்கள், புழுவோடும் ராணியோடும் கருகிவிடும். தப்பியவை வெறிபிடித்துக் கொட்டும்.

மலைத்தேனீ நாடோடி. பூக்காலம் முடிந்தால் சில மாதங்களில் அடையைக் கைவிட்டுத் தானே போய்விடும். அதுவரை சீண்டாமல் இருப்பதும், கூட்டை நோக்கியிருக்கும் பால்கனி விளக்கை இரவில் அணைத்துவைப்பதும் போதும். வெளிச்சம் கண்டால் வீட்டுக்குள் வந்து விழுவது அதன் இயல்பு. பள்ளிக்கூட வாசல், மருத்துவமனை என்று தவிர்க்கவே முடியாத இடமானால், அனுபவமுள்ள தேனெடுப்பவரைக் கொண்டு புகைபோட்டு விலக்கலாம். கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நீலகிரியில் குறும்பர்கள் கொடியில் ஏணி பின்னிச் செங்குத்துப் பாறையில் இறங்கித் தேனெடுக்கிறார்கள். அவர்களுக்கும் கொட்டும், ஆனால் அந்தப் பாறைக்கு அடுத்த ஆண்டும் வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். கோத்தகிரியில் 1993 முதல் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை இந்தப் பழங்குடிகளோடு சேர்ந்து தேன் எடுக்கும் முறைகளையும் விற்பனையையும் ஒழுங்குபடுத்தி வருகிறது.

நகரத்து மலைத்தேனீக்கு வேறு துன்பமும் உண்டு. பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கட்டுரைப்படி, காற்று மாசு மிகுந்த பகுதிகளில் பிடித்த மலைத்தேனீக்களில் 80 சதவீதத்துக்கும் மேல் 24 மணி நேரத்துக்குள் இறந்தன. சிறகிலும் காலிலும் படிந்த நுண்தூசியை அவர்கள் நுண்ணோக்கியில் படமெடுத்தார்கள்.

டீக்கடைக் குப்பைத் தொட்டியில் தேனீக்கள் மொய்க்கின்றனவே, அது எதனால்?

இந்தக் கேள்வி கேட்பவரை எனக்கு உடனே பிடித்துவிடும். தூக்கியெறியும் பேப்பர் கப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக்காக அவை வருகின்றன. உள்ளே இறங்கி, ஒட்டிக்கொண்டு, மூழ்கிச் சாகின்றன. மதுரைக் கல்லூரி ஆய்வாளர்கள் ஐந்து காபிக் கடைகளில் 30 நாட்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். செத்த தேனீக்கள் 25,211. கடைக்கு ஒரு நாளில் சராசரியாக 168. இது 2011இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது.

நமக்குத் தெரியாமல் எத்தனை ஊர்களில் எத்தனை கடைகள்! பூவில்லாத ஊரில் பட்டினி கிடக்கும் தேனீதான் எச்சில் கப்புக்கு வருகிறது. கண்ணாடி டம்ளரில் குடிப்பவர்களுக்கு என் வணக்கம். தொட்டிக்கு மூடி போடும் கடைக்காரருக்கும்.

மொட்டைமாடியில் ஒரு பெட்டி வைத்தால் தேனீயைக் காப்பாற்றிய புண்ணியம் கிடைக்குமா?

தேன் கிடைக்கும். பொழுது போகும். பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். தேனீயைக் காப்பாற்றியதாக ஆகாது; வீட்டில் நான்கு கோழி வளர்த்துவிட்டுப் பறவைகளைக் காப்பாற்றினேன் என்பதுபோல்தான் அது. அரசின் தேன் திட்டங்களும் பெரும்பாலும் பெட்டி எண்ணிக்கையைக் கூட்டுவதையே குறியாகக் கொண்டவை. தொழிலுக்கு அவை நல்லவைதான். ஆனால் பூ கூடாமல் பெட்டி மட்டும் கூடினால் இருக்கிற பூவுக்கு அடிபிடிதான்; அதில் தோற்பவை தனித் தேனீக்கள். வைக்கத்தான் வேண்டும் என்றால் அடுக்குத் தேனீயோ கொசுத்தேனீயோ வையுங்கள். இந்த மண்ணின் நோய்க்கும் வெயிலுக்கும் பழகியவை அவை.

பிறகு என்னதான் செய்வது?

கொஞ்சம் சோம்பேறியாக இருங்கள். வேலியோரத் தும்பையையும் துளசியையும் களை என்று பிடுங்காமல் விடுங்கள். வாசல் முழுவதும் சிமெண்ட் பூசாமல் ஒரு மூலையில் மண் தெரியட்டும். மண்ணில் வளை தோண்டும் தேனீக்களுக்கு அது வீடு. பட்டுப்போன முருங்கைக் கிளையை உடனே விறகாக்க வேண்டாம். மரம் நடுவதானால் புங்கம், வேம்பு, நாவல், புளி, இலந்தை. இவை தேனீக்கும் சோறு, நமக்கும் நிழல்.

எங்கள் வட்டாரத்தில் ஆனி, ஆடி மழையில் பூவே இருக்காது. ரப்பர் தோட்டத்தில் மற்ற மரங்களுக்கு இடமே வைக்காததால் அந்த மாதங்களில் பெட்டிக்குச் சர்க்கரைக் கரைசல் ஊற்றித்தான் காப்பாற்றுகிறோம். காட்டுத் தேனீக்கு யார் ஊற்றுவார்கள்? தோட்ட விளிம்பில் நாலு வேறு மரம் வைக்கும்படி முதலாளிகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நல்ல தேன் வாங்கினால் உதவியாக இருக்குமா?

இருக்கும், அது தேனாக இருந்தால். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையிலிருந்த 13 நிறுவனங்களின் தேனை உயர்தரச் சோதனைக்கு அனுப்பியது, 10 தேறவில்லை. அரிசியிலிருந்து செய்யும் பாகு கலந்ததைச் சாதாரணச் சோதனைகளால் பிடிக்க முடியவில்லை என்பதே அதில் பெரிய செய்தி. மலிவான பாகு தேன் என்ற பெயரில் விற்கும்போது, வளர்ப்பவருக்குக் கிடைக்கும் விலை இறங்குகிறது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தொட்டு எரிப்பது, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பது எதுவும் பயன்படாது. உறைந்த தேன் கலப்படம் என்பதும் தவறு. பெட்டி வைத்திருப்பவரைத் தெரிந்து வாங்குவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி.

மின்சார மீட்டர் பெட்டிக்குள் தேனீக் கூட்டம் புகுந்துவிட்டது. யாரைக் கூப்பிடுவது?

முதலில் மண்ணெண்ணெய் டப்பாவைக் கீழே வையுங்கள். மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும் கூட்டமானால் அது வழிப்போக்கு. ஓரிரு நாளில் தானே கிளம்பிவிடும். மீட்டர் பெட்டி, பழைய பானை, சுவர் ஓட்டை போன்ற இருட்டுக்குள் புகுந்து அடை கட்டத் தொடங்கியிருந்தால் அது அநேகமாக அடுக்குத் தேனீ. பக்கத்தில் தேனீ வளர்ப்பவர் யாரேனும் இருந்தால் சொல்லியனுப்புங்கள், ஓடி வருவார். அவருக்கு அது இலவசக் கூட்டம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அந்தி சாயும் நேரத்தில் லேசாகப் புகை காட்டி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, மரச்சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டுவார். ராணி எந்த அடையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அது பெட்டிக்குள் போய்விட்டால் மற்றவை வரிசையாகப் பின்னாலேயே நடந்துபோகும். இரண்டொரு நாளில் தேனீக்களே அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டிவிட்டு, வாழைநாரை நறுக்கி வாசல் வழியே வெளியே தள்ளிவிடும்.